குழாய்க்கும் மேகத்துக்கும் நடுவுல ஒரு முழம்

"ஸ்ஸ்ஸ்ஸ்னு சத்தம் வருது. சடையன் பதறி எந்திரிச்சுட்டான். ம் கொட்டுடி வாணி, இல்லன்னா நிறுத்திருவேன்."

"ம். யாரு அத்தை சடையன்?"

"ஒரு ஊர்ல ஒரு தவில்காரன். அவன் பொண்டாட்டி பேச்சி, நெல் அவிக்கிற மில்லுல பாய்லர் பாக்குறவ. அன்னைக்கு அவ சாப்பிடப் போகணும்னு, புருசன பாய்லர்கிட்ட உக்கார வச்சா. 'செத்த நேரம் பாத்துக்க. எதையும் தொட்டுறாத, நாளைக்குக் கோயில் கொடையில தவில் அடிக்கிற கை'ன்னுட்டுப் போனா. 'வெறும் ஆவிதானே, பெருசா பேசுற'ன்னான் இவன்.

அப்போதான் ஸ்ஸ்ஸ்ஸ். ஆவி போற குழாய்ல எங்கயோ ஓட்டை. குப்பு குப்புன்னு வெள்ளையா ஒரு மேகம். அதோட ஓரத்துல கைய விட்டான். வெதுவெதுன்னு ஈரம், அவ்வளவுதான். 'என்னடா இது, ஆவி சுடலையே?'

அப்புறம் ரெண்டு எட்டு வச்சுக் கிட்டப் போனான். மேகம் மெலிஞ்சுது, ஆனா கை சுரீர்ங்குது. வெடுக்குனு இழுத்துக்கிட்டான். 'வெள்ளை குறையக் குறையச் சூடு ஏறுதே?' மண்டை குழம்பிப்போச்சு."

"ம்."

"அப்புறம் பாத்தா, குழாய்க்கும் மேகத்துக்கும் நடுவுல ஒரு முழம் வெட்டவெளி. அங்க ஒண்ணுமே இல்ல. சத்தம் மட்டும் ஸ்ஸ்ஸ்ஸ். 'ஒண்ணும் இல்லாத எடந்தானே, ஓட்டையத் தடவிப் பாப்போம்'னு கைய நீட்டப்போனான்.

'ஏய் கூறுகெட்ட மனுசா! கைய எடு!'

பேச்சி ஓடி வந்தா. வெளக்கமாத்த எடுத்து அந்த வெட்டவெளியில நீட்டினா. படபடபடன்னு ஈர்க்கெல்லாம் துடிச்சுது. ரெண்டு மூணு பிச்சுக்கிட்டுப் பறந்துச்சு. பாய்லர்காரங்க ஓட்டைய அப்படித்தான் தேடுவாங்க, கண்ண நம்ப மாட்டாங்க.

'அங்க ஒண்ணும் இல்லையே பேச்சி?'

'அங்கதான்யா ஆவி இருக்கு. அது கண்ணுக்குத் தெரியாது. நீ பாத்த வெள்ளை, ஆறிப்போய்த் திரும்பத் தண்ணியான துளி.'

'அது சுட்டாலும் கொதிதண்ணி அளவுதானே சுடும்?'

'அதுக்கு மேலயே சுடும். அதுவும் கையில பட்டுத் தண்ணியாகுறப்போ, உள்ள வச்சிருந்த சூட்டையெல்லாம் கையிலயே கொட்டிரும். தோலு கழண்டு வந்துரும்.'

தள்ளி இருந்த வால்வ கிர்ரு கிர்ருன்னு திருகி அடைச்சா. சத்தம் அடங்கிச்சு."

"சடையனுக்குப் புரிஞ்சுதா அத்தை?"

"எங்க? 'இருக்குற எடத்துல தெரியல, தெரியுற எடத்துல அது இல்ல, என்னடி கணக்கு இது'ன்னு பொலம்பிக்கிட்டே நின்னான். அவன் பொலம்பப் பொலம்ப, பேச்சி அவன் கைய இழுத்து, ஒவ்வொரு விரலா விரிச்சுப் பாத்து, முந்தானையால ஈரத்தத் துடைச்சு விட்டா.

கதை ஆறிப்போச்சு. கண்ண மூடு."