அருளப்பனின் மூக்கு

"எனக்கு மூக்கே கிடையாது மேடம்," என்றார் அருளப்பன்.

மதலேன் நிமிர்ந்து பார்த்தாள். "இருக்கே. முகத்துல பாதி அதுதான்."

அருளப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. எப்படி வரும்? நாற்பத்தாறு வயது. புதுச்சேரியில் கடலைப் பார்த்த ஓட்டல் ஒன்றில் சர்வர்களுக்கெல்லாம் மேலே கேப்டன். கோட்டில் திராட்சைக் குலை போட்ட சின்ன பின் ஒன்று, ஒயின் படிப்பில் இரண்டாம் நிலை தேறியதற்குக் கொடுத்தது. மூன்றாம் நிலையில்தான் மனுஷன் மாட்டிக்கொண்டார்.

எழுத்துத் தேர்வில் தொண்ணூறு மார்க். கிளாஸைக் கையில் கொடுத்து, முகர்ந்து பார்த்து எழுது என்றால் குப்புற விழுந்துவிடுவார். இரண்டு தடவை விழுந்தாகிவிட்டது. சனிக்கிழமை மூன்றாவது தடவை.

சோம்பேறி என்று யாரும் சொல்லிவிட முடியாது. புத்தகத்தில் கூஸ்பெர்ரி என்று இருந்ததை நம்ம நெல்லிக்காய் என்று நினைத்து, ஒரு வருஷம் நெல்லிக்காயாக மென்று தள்ளியவர். அது வேறு பழமாம். பல் கூசியதுதான் மிச்சம்.

மதலேனுக்கு முப்பது வயது. பேக்கரிக்கு மேலே மாடியில் ஒற்றை அறை வைத்து வகுப்பு எடுக்கிறாள். பாடம் சொல்வதைவிட கிளாஸ் கழுவுவதுதான் அதிகம். தன்னைவிடச் சின்னவளிடம் கைகட்டி நிற்கிறோமே என்று அருளப்பனுக்கு முதல் வாரம் கூச்சமாக இருந்தது. இப்போது அதைவிடப் பெரிய கூச்சம் வந்துவிட்டதால் அது மறந்துபோயிற்று.

"வாசனை பேரெல்லாம் ஒரு லிஸ்ட் போட்டுக் கொடுங்க மேடம். மனப்பாடம் பண்ணிடறேன். இந்தத் தடவையும் போச்சுன்னா ஒயின் பொறுப்பை வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க."

பாதி காலியான சிவப்பு ஒயின் பாட்டிலை எடுத்து ஒரு கிளாஸில் ஊற்றினாள்.

"எழுதுங்கண்ணா."

அருளப்பன் முகர்ந்தார். முகம் ஒரு கணம் சுருங்கியது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, சட்டைக் காலரை இழுத்து முகர்ந்துகொண்டார். பிறகு மளமளவென்று எழுதி நீட்டினார்.

மதலேன் வாசித்தாள். "பிளாக்கரன்ட். தேவதாரு மரம். வெனிலா." தாளைக் கீழே வைத்தாள். "பிளாக்கரன்ட் எங்கண்ணா சாப்பிட்டீங்க?"

"ஐஸ்கிரீம்ல மேடம்."

அவள் எழுந்துபோய் வாஷ்பேசினில் பாட்டிலைக் கவிழ்த்தாள். குபுகுபுவென்று அத்தனையும் போயிற்று.

"ஐயையோ, என்ன மேடம் இது!"

"பாட்டிலை மூடியிருக்கற தக்கை கெட்டா ஒயினும் கெட்டுடும். போன வாரம் திறக்கும்போதே இது கெட்டிருந்தது. உங்களுக்குன்னுதான் எடுத்து வச்சேன்."

அருளப்பன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். முகம் செத்துப்போயிற்று.

"தப்பா எழுதினதுக்கா இப்படி உட்கார்ந்துட்டீங்க?"

"இல்லை மேடம். ஞாயித்துக்கிழமை இதே வாசனை."

"எங்க?"

"ஓட்டல்ல. நெய்வேலியிலேர்ந்து ஒரு வயசான ஜோடி. நாப்பதாவது கல்யாண நாள். பையன் வெளிநாட்டுலேர்ந்தே டேபிள் புக் பண்ணிக் கொடுத்திருக்கான். வாழ்க்கையில முதல் தடவை ஒயின் குடிக்கறாங்க. ஊத்தினேன். அந்தம்மா ஒரு வாய் குடிச்சிட்டு, 'ஏங்க, ஈரச் சாக்கு நாத்தம் அடிக்குதே'ன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அருளப்பன் தரையைப் பார்த்தார். சொல்லாமல் எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

"கோட்டுப் பின்னைத் தொட்டுக் காட்டி, 'இதோட குணமே அதுதாம்மா, பழகினாத்தான் தெரியும்'னேன். வீட்டுக்காரர் அவங்களை அதட்டினார். 'சும்மா இரு, மானத்தை வாங்காதே'ன்னார். என்கிட்ட, 'மன்னிச்சுக்குங்க தம்பி, எங்களுக்கு இதெல்லாம் தெரியாது'ன்னார். முழு பாட்டிலையும் மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சுட்டுப் போனாங்க மேடம். போகும்போது எனக்குக் கும்பிடு வேற."

கீழே பேக்கரியில் யாரோ பன் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உங்களுக்கு அன்னைக்கு அந்த நாத்தம் தெரியலையா?"

"தெரிஞ்சுது."

"இப்ப?"

"இப்பவும் தெரிஞ்சுது. நனைஞ்ச சாக்கு. அச்சு அசல்."

"அப்புறம் ஏன் எழுதலை?"

அருளப்பன் சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எங்கப்பா அரிசி மண்டியில மூட்டை தூக்கினவர் மேடம். மழை வந்தா சாக்கைத்தான் மடிச்சுத் தலையில கொங்காணியாப் போட்டுக்கிட்டு வருவார். வீடே அந்த நாத்தம் அடிக்கும். என் சட்டையும்தான். பள்ளிக்கூடத்துல என் பேரே சாக்கு. 'டேய், சாக்கு வந்துட்டான்டா'ம்பானுங்க. சம்பாதிக்க ஆரம்பிச்சதும் முதல்ல வாங்கினது சென்ட் பாட்டில். ஒயின் ஊத்தறவன் சென்ட் போடக்கூடாதுன்னு நீங்க நிறுத்தச் சொன்னீங்க. அதுலேர்ந்து எந்த கிளாஸை முகர்ந்தாலும் பயம்."

"என்ன பயம்?"

"அந்த நாத்தம் என் மேலேர்ந்து வருதோன்னு."

மதலேன் அலமாரியிலிருந்து பாடப் புத்தகத்தை எடுத்துப் பிரித்து அவர் மடியில் வைத்தாள். கெட்ட ஒயினுக்கான பக்கம். விரலால் ஒரு வரியைத் தொட்டாள்.

அருளப்பன் படித்தார். "நனைந்த அட்டைப்பெட்டி வாசனை." எத்தனையோ தடவை மனப்பாடம் செய்த வரி.

"சாக்குன்னு போடலையே மேடம்."

"இதை எழுதினவர் வீட்டுல அட்டைப்பெட்டி நனைஞ்சிருக்கு. உங்க வீட்டுல சாக்கு."

அருளப்பன் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். மழைக்காலத்து வீட்டு வாசல் ஞாபகம் வந்தது. சாக்கை உதறிவிட்டு உள்ளே வரும் அப்பா. முகத்தைத் திருப்பிக்கொண்ட பையன். அருளப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு தான் எழுதிய தாளை இழுத்து, மூன்று பெயரையும் அடித்தார். கீழே தமிழில் இரண்டே வார்த்தை எழுதினார்.

"இப்படி எழுதினா சனிக்கிழமை மார்க் போடுவாங்களா மேடம்?"

"பரீட்சையில அட்டைப்பெட்டின்னே எழுதிக்குங்க. அது கிடக்கட்டும். இந்தத் தாளை யார்கிட்ட காட்டணும்?"

அவருக்குப் புரிந்தது. டைரியை எடுத்தார். கல்யாண நாள் வாழ்த்துச் சொல்ல விருந்தாளிகளின் நம்பரைக் குறித்து வைப்பது அவர் வழக்கம். நெய்வேலிக்காரர் நம்பரும் டைரியில் இருந்தது. அந்த மனிதர் ஓட்டலுக்கு ஒரு புகார் எழுதினால் போதும், பரீட்சைக்கு முன்பே வேலை போய்விடும்.

மதலேன் முதுகைக் காட்டிக்கொண்டு கிளாஸ் கழுவப் போய்விட்டாள்.

அருளப்பன் போனில் அந்த நம்பரைப் போட்டார். மணி அடித்தது. எடுத்தார்கள்.

"சார், வணக்கம். புதுச்சேரி ஓட்டல்லேர்ந்து அருளப்பன் பேசறேன். அன்னைக்கு ஒயின் ஊத்தினேனே."

"அடடே, சொல்லுங்க தம்பி! அன்னைக்கு இவ ஏதோ உளறிட்டா, மனசுல வச்சுக்காதீங்க."

"சார், போனைக் கொஞ்சம் அம்மாகிட்ட கொடுங்க."

ஏதோ சலசலப்பு. பிறகு தயங்கித் தயங்கி ஒரு குரல். "சொல்லுங்க தம்பி."

அருளப்பன் எழுந்து நின்றார்.

"அம்மா, அது சாக்கு நாத்தம்தாம்மா."