அண்ணாச்சி கழற்றிய ஓடு

தென்காசிப் பக்கம் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடை. வருகிறவர்களுக்குப் பொழுது போகட்டும் என்று கடைக்காரர் இசக்கியப்பன் அங்கே ஒரு மீன்தொட்டி வைத்திருந்தார். தொட்டிக்குள் பலவகை மீன்களும், நல்ல தண்ணீரில் வாழ்கிற ஒரு நீலச் சிங்கி இறாலும் குடியிருந்தன. முரட்டுக் கொடுக்கு இரண்டு, நீள மீசை. தொட்டிக்கே அவர்தான் அண்ணாச்சி.

அண்ணாச்சி கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. அசந்து தூங்குகிற மீனின் வால் கொடுக்குக்கு எட்டினால் கத்தரித்துவிடுவார், அவ்வளவுதான். அதனால் அவர் குடியிருந்த உடைந்த மண்சட்டிப் பக்கம் யாரும் போவதில்லை. உடம்பெல்லாம் வரி போட்ட பார்ப் மீன்கள் ஊர்வம்புக்கென்றே பிறந்தவை. அவையும் அவரைக் கண்டால் ஒதுங்கிப் போகும். தளுக்குக்காரி ஏஞ்சல் மீனோ, "அண்ணாச்சி இருக்கப் போயித்தான் இந்தத் தொட்டி தொட்டியா இருக்கு" என்று மேலேயே நின்றுகொண்டு புகழும். கீழே இறங்கிப் புகழாது.

ஒருநாள் அண்ணாச்சிக்கு ஓடு இறுக்கியது. உடம்பு வளர்ந்துவிட்டது, ஓடு வளரவில்லை. சிங்கி குலத்தில் இதெல்லாம் வழக்கம்தான். சட்டிக்குள் சாய்ந்து படுத்து, நெளிந்து, முதுகுப் பக்கம் பிளந்துகொண்டு வெளியே வந்தார். கொடுக்கும் மீசையுமாக ஓடு முழுசாகச் சட்டி வாசலில் கிடந்தது. வந்தவரோ குழைந்த சோறு மாதிரி இருந்தார்.

சட்டியில் ஒட்டியிருந்த நத்தை எல்லாவற்றையும் பார்த்தது. "சீக்கிரம் ஓட்டைத் தின்னுரும் அண்ணாச்சி. அதைத் தின்னாத்தான் புது ஓடு இறுகும். உம்ம அப்பனும் பாட்டனும் அப்படித்தான பொழைச்சாங்க?"

"தின்னத்தான் போறேன்" என்று அவர் வாயை வைக்கப் போனார். அந்த நேரம் பார்த்து பார்ப் கூட்டம் அந்தப் பக்கம் வந்தது. வாசலில் ஓட்டைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பியது. "அண்ணாச்சி வெளியவே உக்காந்திருக்காரு, வாங்கல போவோம்."

அண்ணாச்சிக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா நத்தை? நான் உள்ள இருந்து பாத்த வேலையை இது சும்மா கிடந்தே பாக்குது. இதைத் தின்னுட்டா வாசலுக்கு யாரு காவல்?"

"தின்னாட்டா உமக்கு யாரு காவல்?"

"நாளைக்குத் தின்னுக்கிடுதேன்."

மறுநாளும் அதையே சொன்னார். வயிறு காய்ந்தது, உடம்பு இறுகவில்லை. ஆனால் போகிற வருகிற மீனெல்லாம் ஓட்டுக்குக் கும்பிடு போடுவதைப் பின்னாலிருந்து பார்ப்பதில் ஒரு சுகம் இருந்தது. அந்தச் சுகத்தை விட அவருக்கு மனசு வரவில்லை.

இரை போட வந்த கடைக்காரர் மனைவி செல்லக்கனி தொட்டிக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள். "ஏங்க, இந்தச் சிங்கி நேத்துலேருந்து அசையவே காணுமே."

இசக்கியப்பன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். "செத்துட்டு. போட்டு வச்சிருந்தா தண்ணி நாறிரும்." சின்ன வலையை விட்டு ஓட்டை அள்ளினார்.

"என்ன இவ்வளவு லேசா இருக்கு?" என்று வலையைத் தூக்கிப் பார்த்துக் கேட்டாள் செல்லக்கனி.

"உசுரு போனா எல்லாம் லேசுதான்" என்று குப்பைக் கூடையில் போட்டார்.

அண்ணாச்சி சட்டியின் மூலைக்கு ஒடுங்கினார். சாப்பாடும் போச்சு, காவலும் போச்சு. நத்தை மெதுவாகச் சொன்னது: "வாயைத் திறக்காதிரும். மண்ணைப் பறிச்சு உள்ள படுத்துக்கிடும். அவங்க கணக்குல நீரு செத்தாச்சு. உடம்பு இறுகுற வரைக்கும் செத்தே கிடந்தீருன்னா பொழைச்சுக்கிடலாம்."

நல்ல யோசனைதான். அண்ணாச்சியும் பறித்து, பாதி உடம்பை மண்ணுக்குள் இறக்கிவிட்டார்.

வெளியே ஏஞ்சல் இரங்கல் பேசத் தொடங்கியிருந்தது. இந்தத் தடவை சட்டி வாசல் வரைக்கும் இறங்கி வந்தே பேசியது. "எப்பேர்ப்பட்ட அண்ணாச்சி. அவரை மாதிரி இன்னொருத்தர் பிறந்துதான் வரணும்."

"ஆளுதான் போயாச்சுல்லா, பிறகு என்னத்துக்குப் புகழ்ச்சி?" என்றது ஒரு பார்ப். "என்ன இருந்தாலும் வெறும் இறாலுதான."

மற்ற பார்ப்கள் சிரித்தன. உள்ளே கேட்டுக்கொண்டிருந்தவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நத்தை தடுக்கத் தடுக்க, "எவம்ல அது?" என்று கேட்டபடி வாசலுக்கு வந்துவிட்டார்.

மீன்கள் திரும்பிப் பார்த்தன. "நீ யாருல?" என்றது பார்ப்.

"நான்தாம்ல அண்ணாச்சி."

"அண்ணாச்சியை இப்பத்தான் தூக்கிட்டுப் போனாங்க" என்றது ஏஞ்சல், மரியாதை குறையாமல்.

பார்ப் பக்கத்தில் வந்து அவருடைய கொடுக்கை வாயால் தொட்டுப் பார்த்தது. மெத்தென்று இருந்தது.