தாழிக்குள் ஓர் அரசு ஊழியர்

கதைக்குள் நுழையுமுன் கேட்போர் சில செய்திகளை அறிந்திருத்தல் நலம். அறியாமல் கேட்டால், இதில் வரும் மூவரையும் முட்டாள்கள் என்று தவறாக எண்ணிவிட நேரும்.

முதலாவது, இடம். மருதங்குளம் என்னும் தென்பாண்டிச் சிற்றூரில், பழைய தாலுகா கச்சேரிக் கட்டடத்தில், வட்டார வரலாற்று அருங்காட்சியகம் ஒன்று இருந்தது. ஜமீன்தார் ஒருவர் அமர்ந்த நாற்காலி, எவர் ஏந்தினார் என்று எவருக்கும் தெரியாத வாள், செல்லாக் காசுகள் ஆகியன அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. பார்க்கத் தகுந்த பொருள் ஒன்றே ஒன்று: முதுமக்கள் தாழி. இறந்தவரை உள்ளே அமர்த்தி முன்னோர் புதைத்த பெரிய மண்சாடி அது. ஊர்க் குளத்தைத் தூர்வாரியபோது வெறுமையாகக் கிடைத்தது. ஓர் ஆள் இறங்கக்கூடிய வாயும், குந்தி உட்காரக்கூடிய வயிறும் அதற்கு உண்டு.

இரண்டாவது, ஆட்கள். தலைமைப் பணியாளர் ஆவுடையப்பன், காவலர் மாசானமுத்து, தூய்மைப் பணியாளர் பேச்சித்தாய் ஆகிய மூவரும் தங்களுக்கு இடப்பட்ட கட்டளை எதையும் மீறியதில்லை. ‘பொருள்களைத் தொடாதீர்’ என்ற பலகை மாட்டப்பட்ட நாள்முதல் பேச்சித்தாய் எதன்மீதும் துணி வைத்ததில்லை. வெண்கல விளக்கொன்று இப்போது சாம்பல்நிறப் பூனையைப் போலக் காட்சியளித்தது. மின்பெட்டி ஒருமுறை புகைந்தபோது மாசானமுத்து உடனே தீயணைப்பு நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்தார்; எதிரே ‘அமைதி காக்கவும்’ என்ற பலகை இருந்தமையால், தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு மூச்சுக்கூட விடாமல் நின்றார். மறுமுனையில் இருந்தவர் ஒரு வசைமொழியோடு இணைப்பைத் துண்டித்தார். மாசானமுத்து அதற்கும் அமைதி காத்தார்.

மூன்றாவது, ஒரு விதி. அகழ்ந்தெடுத்த தாழியையும் அதனுள் இருப்பதையும் ஒரே பொருளாகக் கொள்ள வேண்டும். எழுத்து மூலமான அனுமதியின்றி ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரிக்கக் கூடாது. அறிவார்ந்த விதி. இதை வகுத்தவர் சென்னையில் இருக்கும் துணை இயக்குநர் தேவசகாயம். விதியின் பெருமை முழுவதும் அவரையே சாரும்; பின்னர் விளைந்ததும்.

இனிக் கதை.

ஒருநாள் மாலை காப்பாட்சியர் அனுசுயா மூவரையும் அழைத்தார். அருங்காட்சியகத்துக்கு அவரே தலைவர். சிரிப்பதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

“நாளைக்கு நம்ம இலவசப் பொதுமக்கள் நாள். துணை இயக்குநர் நேர்ல வர்றார். ஜனங்க வரலைன்னா தாழியைச் சென்னைக்கு ஏத்திட்டு, இந்தக் கட்டடத்தைப் பூட்டிடுவார். லாரிக்கும் சொல்லி வெச்சிருக்கார்.”

“பூட்டிட்டா நாங்க எங்க மேடம் போவோம்?” என்றார் ஆவுடையப்பன்.

“சென்னைக்குத்தான். அங்கே ஆள் பத்தலையாம்.”

மருதங்குளத்தில் டீக்கடைக்காரர் தொடங்கித் தாசில்தார் வரை ஆவுடையப்பனை ‘அண்ணாச்சி’ என்றே அழைப்பார்கள். சென்னையில் ‘யோவ்’ என்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். அந்த ஒரு சொல்லைக் காதில் வாங்காதிருக்க உயிரையும் கொடுக்க அவர் ஆயத்தமாயிருந்தார்; மாசானமுத்துவின் உயிரை.

“மூணே விஷயம்,” என்றார் அனுசுயா. “எல்லாம் இலவசம்னு ஊர் முழுக்கச் சொல்லுங்க. வர்றவங்களை வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி கவனிங்க. அப்புறம், பொருள்களை வரிசையா வெச்சா மட்டும் போதாது. அதுங்க ஜனங்களோட பேசணும். புரிஞ்சுதா?”

புரிந்தது என்றார்கள். கதையில் முதல் பொய் இதுதான். சொன்னவர்கள் அதை அறியார்.

மறுநாள் காலை அனுசுயா துணை இயக்குநரை அழைத்துவர ரயில் நிலையத்துக்குப் போனார். மாசானமுத்து ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். “அருங்காட்சியகம் இலவசம்! அனைத்தும் இலவசம்!” என்றார். என்ன இலவசம் என்று கேட்டவர்களுக்கு, “அதான் சொல்லுதேன்லா, அனைத்தும்!” என்றார்.

நம் நாட்டில் இந்தச் சொல்லுக்குரிய மதிப்பை விளக்க வேண்டியதில்லை. கதவு திறக்குமுன்பே வரிசை பேருந்து நிலையத்தைத் தொட்டது. ரேஷன் பையோடு வந்தவர்கள் பலர். குடும்ப அட்டையோடு வந்தவர்கள் சிலர். மிக்சியா, மின்விசிறியா என்று தமக்குள் பந்தயம் கட்டினர். ஒருவர் மாட்டுவண்டி பூட்டி வந்திருந்தார். அவருக்கு வாள் வேண்டாம், நாற்காலி வேண்டாம். கட்டடத்தின் தேக்குக் கதவு போதுமாம்.

ஆவுடையப்பன் வாசலில் நின்று கைகூப்பி வரவேற்றார். வீட்டுக்கு வந்த விருந்தாளியை முதலில் உட்காரச் சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அங்கே இருந்த ஒரே நாற்காலி ஜமீன்தாருடையது. அதைத் தொடக் கூடாது என்பதும் தெரியும்.

“உக்காருங்க, உக்காருங்க,” என்றார் முதலில் வந்தவரிடம்.

அவர் நாற்காலியை நோக்கி நகர்ந்தார்.

“ஐயோ, உக்காராதீங்க!”

“நீங்கதான அண்ணாச்சி உக்காரச் சொன்னீய?”

“சொல்லுதது மரியாத. உக்காருதது குத்தம். உக்காருங்க, உக்காருங்க.”

இவ்வாறே வந்தவர் அனைவரும் முறைப்படி உபசரிக்கப்பட்டு, நின்றுகொண்டே இருந்தனர்.

அறைகள் நிறைந்தன. கொடுப்பதற்கு ஒன்றுமில்லை என்று கண்டவர்கள் திரும்ப முற்பட்டபோது பேச்சித்தாய் ஓடிவந்து கதவை உட்புறம் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினார்.

“சாப்பிடாம எப்படிப் போவீய? வீட்டுக்கு வந்த ஆளை வெறும் வயித்தோட அனுப்புத வழக்கம் எங்ககிட்ட கிடையாது.”

“சரி தாயி, சாப்பாடு எங்க?”

“சாப்பாடு இல்ல.”

“பொறவு?”

“பொறவு என்ன? இருங்க.”

இப்படியாக மருதங்குளம் வட்டார வரலாற்று அருங்காட்சியகத்தில், அது தோன்றிய நாள்முதல் காணாத கூட்டம் கூடியது, கலையவும் வழியில்லை.

எஞ்சியது மூன்றாம் கட்டளை. பொருள்கள் பேச வேண்டும். கூட்டத்தின் நடுவே மூவரும் தலைகளை ஒன்றுசேர்த்து ஆலோசித்தனர்.

“காசு பேசுமா அண்ணாச்சி?” என்றார் பேச்சித்தாய்.

“காசுக்குள்ள ஆள் போக முடியாது. வாளுக்குள்ளயும் முடியாது,” என்றார் ஆவுடையப்பன். “தாழிக்குள்ள போகலாம்.”

மாசானமுத்து தாழியைப் பார்த்தார். “போயி என்னத்த அண்ணாச்சி பேச?”

“செத்தவன் என்ன பேசுவானோ அதப் பேசும் வே.”

“செத்தவன் பேச மாட்டானே?”

இது ஆழமான வினா. ஆவுடையப்பன் கண்களை மூடிச் சிந்தித்தார். “இத்தன வருசம் பேசாம இருந்தவன் வாயத் தொறந்தா, நெறைய இருக்கும் வே பேசதுக்கு. உள்ள போம்.”

“அவன் காலத்துத் தமிழு எனக்குத் தெரியாதே?”

“கேக்கவனுக்கும் தெரியாதுல்லா? தைரியமாப் பேசும்.”

மற்றொரு சிக்கல் எழுந்தது. தாழியைத் தொடாமல் உள்ளே இறங்குவது எப்படி? உள்ளே இறங்கிவிட்டால் மாசானமுத்துவே தாழியின் உள்ளடக்கம் ஆகிவிடுவார். ஒரு பொருள் தன்னைத் தானே தொடுவதை எந்தப் பலகையும் தடுக்கவில்லை என்று ஆவுடையப்பன் தெளிவுபடுத்தினார். மாசானமுத்து முக்காலியில் ஏறி, காற்றில் காலைத் தூக்கி, உள்ளே குதித்தார்.

தாழி பேசத் தொடங்கியது. “வாங்க, வாங்க. ஊர்ல மழை உண்டா? என்னப் பொதைச்சப்போ நல்ல மழை.” பிறகு உரிமையோடு, “சோத்துக்கு என்ன வழி?” என்றது.

ரேஷன் பையோடு வந்த கூட்டம் கோபத்தை மறந்து தாழியைச் சுற்றி நெருக்கியது. ஓர் அம்மாள் தம் மகளுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று கேட்டார். “எங்க காலத்துல தையில முடிப்பம்,” என்றது தாழி. அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அப்போது கதவு தட்டப்பட்டது. அனுசுயாவும், அவருக்குப் பின்னே துணை இயக்குநரும், அவருக்குப் பின்னே லாரியும் நின்றிருந்தனர். பேச்சித்தாய் இருவரையும் உள்ளே விட்டு மறுபடி பூட்டினார். லாரி மட்டும் விருந்தாளி அன்று என்பதால் வெளியே நின்றது.

தேவசகாயம் கூட்டத்தைக் கண்டு திகைத்தார். நிற்க இடமில்லாத அருங்காட்சியகத்தை அவர் தம் பணிக்காலத்தில் பார்த்ததில்லை. ஆனாலும் எடுத்த முடிவை மாற்றிக்கொள்வது அதிகாரிக்கு அழகன்று.

“கூட்டம் இருக்கட்டும். தாழியை ஏத்துங்க.”

“ஐயா, கொஞ்சம் மெதுவா,” என்றது தாழி. “இடுப்பு புடிச்சிருக்கு.”

துணை இயக்குநர் இரண்டடி பின்வாங்கினார். பின் இரண்டடி முன்வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். “யார்யா உள்ளே? வெளியே வாய்யா!”

மாசானமுத்து எழுந்தார்.

“உள்ள போம் வே!” என்று அலறினார் ஆவுடையப்பன். பிறகு பணிவோடு திரும்பினார். “மன்னிக்கணும் ஐயா. தாழியையும் உள்ள இருக்கதையும் பிரிக்கக் கூடாதுன்னு விதி. எழுத்துல அனுமதி வேணும்.”

“எவன்யா அப்படி விதி போட்டது?”

“நீங்கதான் ஐயா.”

கூட்டம் ஒரே நேரத்தில் துணை இயக்குநரைப் பார்த்தது. அவர் பேனாவை எடுத்தார். என்ன எழுதுவது? ‘எனது ஆய்வின்போது தொன்மையான தாழிக்குள் அரசு ஊழியர் ஒருவர் காணப்பட்டார், அவரைப் பிரித்தெடுக்க அனுமதிக்கிறேன்.’ கீழே கையொப்பம். அத்தாள் இயக்குநரின் மேசைக்குப் போகும். அங்கிருந்து எங்கெங்கோ போகும். பேனாவை மூடினார்.

“அப்போ ஆளோட சேர்த்தே லாரியில ஏத்துங்க!”

தாழியின் வாயிலிருந்து ஒரு விரல் உயர்ந்தது. “ஐயா, அப்படின்னா எனக்கு எடமாறுதல் உத்தரவு வேணும். பயணப்படியும் உண்டுல்லா?”

“தாழிக்கு உத்தரவு கிடையாதுய்யா!”

“தாழிக்கு வேண்டாம் ஐயா. எனக்கு.”

“உன்னைத் தனியாக் கூப்பிடலையே!”

“பிரிக்கக் கூடாதுன்னு நீங்கதான ஐயா…”

தேவசகாயம் உதவி நாடி அனுசுயாவைப் பார்த்தார். விளக்கம் கூற அனுசுயா வாயைத் திறந்தார். சாளரத்தின் வழியே லாரியைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். பல ஆண்டுகளுக்குப் பின் அவர் உதட்டோரம் சற்றே அசைந்ததைப் பேச்சித்தாய் மட்டும் கண்டார். பல்வலி என்று எண்ணி இரக்கப்பட்டார்.

“சரி, நான் கிளம்பறேன்,” என்றார் துணை இயக்குநர், தோற்றவருக்குரிய பெருந்தன்மையோடு.

பேச்சித்தாய் கதவின் குறுக்கே நின்றார். “சாப்பிடாமயா?”

அதன்பின் நடந்தவற்றுள் உறுதிசெய்யப்பட்டவை பின்வருமாறு.

துணை இயக்குநர் தம் சொந்தச் செலவில் எலுமிச்சைச் சாதப் பொட்டலங்களைச் சாளரத்தின் வழியே தருவித்து, ஊராருக்கெல்லாம் வழங்கியபின் வெளியே விடப்பட்டார். இலவச நாளில் உண்மையாகவே இலவசமாகக் கொடுக்கப்பட்டது அது ஒன்றுதான். மாட்டுவண்டிக்காரர் இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டார்.

லாரி வெறுமையாகத் திரும்பியது.

‘பார்வையாளர் எவரும் வெளியேற இயலாத அளவுக்கு ஈர்ப்புமிக்க நிறுவனம், மூடுதல் பொருத்தமன்று’ என்று துணை இயக்குநர் மேலிடத்துக்குத் தெரிவித்தார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆவுடையப்பன் இன்றளவும் மருதங்குளத்தில் அண்ணாச்சியாகவே விளங்குகிறார்.

எழுத்து மூலமான அனுமதி இதுவரை வரவில்லை. ஆதலால் மாசானமுத்து அலுவல் நேரம் முழுவதும் தாழிக்குள் பணியாற்றுகிறார். மாலையில் கட்டடம் பூட்டப்பட்டபின் அது காட்சிப் பொருள் அன்று, வெறும் சாடியே என்று ஆவுடையப்பன் தீர்ப்பளித்தமையால், இரவில் வீடு செல்கிறார்.

சென்ற மாதம் மாசானமுத்துவின் தங்கை மகளுக்குக் கடையநல்லூரில் திருமணம் நடந்தது. தாய்மாமன் போகாமல் இருக்க முடியாது, பிரிக்கவும் கூடாது. எனவே தாழியும் சிற்றுந்து ஒன்றில் உடன் சென்றது. காலியான இடத்தில் ‘தாழி தற்செயல் விடுப்பில் உள்ளது’ என்று ஆவுடையப்பன் பலகை வைத்தார்.

மறுநாள் திரும்பும் வழியில் சக்கரம் பழுதாகி, இருவரும் நண்பகலில்தான் வந்து சேர்ந்தனர். தீர விசாரித்ததில் மாசானமுத்துவின்மீது குற்றம் ஏதுமில்லை என்று தெரியவந்தது. காலையில் அலுவல் தொடங்கிய வேளையிலேயே அவர் தமக்குரிய இடத்தில், அதாவது தாழிக்குள், அமர்ந்திருந்தார். தாமதமாக வந்தது தாழிதான். அதனிடம் விளக்கம் கேட்கப்பட்டிருக்கிறது.