எச்சில் படாத பட்டடை

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அதனால் சொல்லவில்லை. அந்த நாட்டு ராஜா கெட்டவர் இல்லை. ஆனால் சுத்தம் என்று ஒரு பைத்தியம் அவருக்கு. தமக்கென்று வரும் எந்தப் பொருளையும் தமக்கு முந்தி ஒருவர் பயன்படுத்திவிட்டால் அது எச்சில் என்பார். செருப்புத் தைத்தவன்கூட அதை யார் காலிலும் போட்டுப் பார்க்கக் கூடாது. அதனால் ராஜா வருஷத்தில் பாதி நாள் நொண்டிக்கொண்டுதான் நடந்தார்.

ஒருநாள் அரண்மனைக் கொல்லுப்பட்டறையில் பட்டடை பிளந்துபோயிற்று. பட்டடை என்றால், காய்ச்சிய இரும்பை மேலே வைத்துச் சம்மட்டியால் அடிக்கிறார்களே, அந்த இரும்புக் கட்டி. "புதிதாக ஒன்று வாங்கி வா" என்று ராஜா விகடகவி குழைக்காதனிடம் சொன்னார். அதோடு விட்டிருந்தால் நமக்குக் கதை இல்லை.

பண்டகசாலைத் தலைவர் முனையதரையருக்குக் குழைக்காதனைக் கண்டாலே ஆகாது. ராஜா அவன் பேச்சுக்கு மட்டும் சிரிக்கிறார் என்ற வயிற்றெரிச்சல். அவர் எழுந்து கும்பிட்டார்.

"மன்னர் பெருமானே! அரண்மனைப் பட்டடை தங்கள் உடைமை. தங்களுக்கு முந்தி வேறொருவன் சம்மட்டி அதன்மேல் விழுந்தால் எச்சில் ஆகாதா?"

"ஆகும்! குழைக்காதா, எனக்கு முந்தி யாரும் அதை அடித்துப் பார்க்கக் கூடாது. மட்டமானதை வாங்கி வந்தாயானால் நீ நாட்டை விட்டுப் போக வேண்டியதுதான்."

நாட்டை விட்டால் குழைக்காதனுக்குப் போக்கிடம் மாமனார் வீடு ஒன்றுதான். அதை நினைத்ததும் அவனுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

அரண்மனைக் கொல்லர் மாகாளி ஆசாரி விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அடிச்சுப் பாக்காம எப்படி சாமி வாங்குறது? நல்லதுன்னா கணீர்னு கேக்கும், சம்மட்டி தானா துள்ளும். சத்தம் செத்துப்போனா உள்ளே வெடிப்பு இருக்குன்னு அர்த்தம்."

"இதை ராஜாகிட்ட வந்து சொல்லுமேன்."

"நீங்களே சொல்லுங்க. எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு."

கடைத்தெருவிலும் அதே கூத்து. இரும்புக் கடைக்காரன் அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"மண் சட்டியையே நாலு தடவை தட்டிப் பாத்துத்தான்யா வாங்குறாங்க. நீங்க கண்ணால பாத்துப் பட்டடை வாங்கப் போறீங்களா?"

"என்ன செய்யச் சொல்ற? காதை அரண்மனையிலேயே வெச்சுட்டு வரச் சொல்லிட்டாங்க!" என்று கத்தினான் குழைக்காதன்.

கத்திய பிறகுதான் புத்தி வேலை செய்தது. இரண்டு கடைகளிலிருந்து கடைக்கு ஒன்றாகப் பட்டடைகளைச் சபைக்கே கொண்டுவரச் சொல்லிவிட்டான்.

மறுநாள் சபையில் மூன்று பட்டடைகள் வந்து இறங்கின. மூன்றாவது, முனையதரையரின் மைத்துனர் கடையிலிருந்து கேட்காமலே வந்தது. எண்ணெய் பூசி, சந்தனப் பொட்டு வைத்துக் கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. ராஜாவுக்கு அதைத்தான் பிடித்தது.

"இதுவே போதுமே!"

"தங்கள் கண் தவறுமா, பெருமானே! குழைக்காதன் இதையே வாங்கட்டும்" என்றார் முனையதரையர்.

குழைக்காதன் ஒரு சம்மட்டியை இரண்டு கையாலும் இழுத்து வந்து ராஜாவின் காலடியில் வைத்தான்.

"மகாராஜா, கட்டளைப்படி நானும் அடிக்கவில்லை, கடைக்காரர்களும் அடிக்கவில்லை. தங்களுக்கு முந்தி யாரும் அடிக்கக் கூடாது என்றால், முதல் அடி தாங்கள்தான் அடித்தாக வேண்டும். அதுவரை இந்த நாட்டுப் படைக்கு ஒரு வாள் கிடையாது, குதிரைக்கு ஒரு லாடம் கிடையாது."

முனையதரையர் பதறி எழுந்தார். "மன்னர் சம்மட்டி பிடிப்பதா? நான் அடிக்கிறேன்!"

"தாங்கள் அடித்தால் எச்சிலாகிவிடுமே, ஐயா" என்றான் குழைக்காதன்.

ராஜாவுக்கு வேறு வழியில்லை. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் பட்டடையில் ஓங்கிப் போட்டார். கணீர்! சம்மட்டி துள்ளிய வேகத்தில் கிரீடம் காதுக்கு இறங்கியது. இரண்டாவதும் கணீர் என்றது. வியர்த்து வழிய மூன்றாவதில் போட்டார். சொத்தென்று ஒரு சத்தம். அதன் பக்கவாட்டிலிருந்து கரி கலந்த மெழுகு பொலபொலவென்று உதிர்ந்து, விரல் நுழைகிற அளவு வெடிப்பு ஒன்று தெரிந்தது.

"இது யார் கடையது?" என்றார் ராஜா. முனையதரையர் கூரையைப் பார்த்தார். குழைக்காதன், "ஐயாவின் மைத்துனர் கடையது" என்றான்.

"உமது மைத்துனர் கடையதா? நல்லது. வண்டி வேண்டாம். நீரே உருட்டிக்கொண்டு போய் அவரிடம் கொடும்."

பிறகு ராஜா தம் உள்ளங்கையைப் பார்த்தார். கொப்புளம் கிளம்பியிருந்தது.

"ஏனடா, அடித்துப் பார்க்காமல் வாங்க முடியாது என்று நேற்றே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தால் கேட்டிருப்பீர்களா, மகாராஜா?"

ராஜா கொஞ்ச நேரம் கொப்புளத்தை ஊதினார். பிறகு, "இனி எந்தப் பொருளையும் தட்டிப் பார்த்தே வாங்குங்கள்" என்று சபைக்குச் சொல்லிவிட்டு, தம் கையில் கிடந்த பொற்கடகத்தைக் கழற்றிக் குழைக்காதனிடம் நீட்டினார்.

குழைக்காதன் அதைக் கையில் வாங்கி, முதல் பட்டடை அருகே போய் நின்று, ராஜாவின் முகத்தைப் பார்த்தான்.

"இன்னும் என்னடா?"

"உத்தரவு ஆகிவிட்டது, மகாராஜா. தட்டிப் பார்க்கட்டுமா?"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து முடிப்பதற்குள் குழைக்காதன் தட்டியே பார்த்துவிட்டான்.