சுனைப்பாறைக் குழி யாருக்கு?

ஒரு காட்டில், சுனைநீர் சொட்டுச் சொட்டாய் விழும் பாறை ஒன்று இருந்தது. அந்தப் பாறையில் ஒரு குழி. வெயிலும் நீரும் அளவோடு சேரும் அந்தக் குழியில்தான் செம்பி என்ற கீரி மருந்து ஊறவைக்கும்.

செம்பிக்குப் பிடிவாதம் அதிகம். வேங்கைப் பிசினும் வசம்பும் சேர்த்து அது செய்த சிவப்பான புண்மருந்து சும்மா வந்துவிட்டதா என்ன? ஒருமுறை கட்டியாகிப்போனது. ஒருமுறை நாறிப்போனது. இன்னொருமுறை செம்பியின் மூக்கே வெந்துபோனது. "மறுபடியும் பார்ப்போம்" என்று குழியைக் கழுவிவிட்டு உட்காரும்.

இப்போது மான்களின் குளம்பு அழுகலுக்கு மருந்து ஊறிக்கொண்டிருந்தது. மழைக்காலம் வேறு நெருங்கிவிட்டது. ஈரத்தில் குளம்பு அழுகினால் மான் ஓட முடியாது. ஓடாத மானைப் புலி விடுமா, பிள்ளைகளே?

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மருந்தைப் பூசுகிறவர், அதைக் கண்டுபிடித்தவரின் பெயரைச் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் பூச வேண்டும். மைனாக்கள் அதைக் கேட்டுக் காடெங்கும் சொல்லும். யார் பெயர் அதிகம் கேட்கிறதோ, குழி அவருக்கு.

கிளைதாவி என்ற குரங்குக்கு அந்தக் குழிமேல் ஒரு கண். அது ஆற்றுச் சேற்றைக் குழைத்து, "மருந்து!" என்றது. அதிலேயே ஒரு புளியிலையைக் கிள்ளிப்போட்டு, "புது மருந்து!" என்றது. இலையை எடுத்துவிட்டுப் பூவைப் போட்டு, "இதுவும் புதுசு!" என்றது. பிறகு தன் கூட்டத்தை ஆலமரத்துக்குக் கூப்பிட்டது.

"டேய், என் பேரைக் கூவுங்கடா. கூவுகிறவனுக்குப் பழம்!"

அவ்வளவுதான். "கிளைதாவி மருந்து! கிளைதாவி மருந்து!" என்று ஆலமரமே அதிர்ந்தது. திருப்பிச் சொல்லிச் சொல்லி மைனாக்களுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

காட்டின் தலைவியான யானை பாறைக்கு வந்தது. பின்னாலேயே கிளைதாவியும் வந்தது; அதன் கூட்டம் பாறையோரத்து மரத்தில் ஏறிக்கொண்டது.

"செம்பி, கிளைதாவி பேர்தான் காடு முழுக்கக் கேட்கிறது. குழியை இன்றே காலி செய்."

"ஊறலைக் கொட்டிவிட்டால் மான்கள் என்ன செய்யும், அம்மா?"

"மானா? அதற்கும் சேறுதான்! பூவைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டால் போச்சு" என்று பல்லிளித்தது கிளைதாவி.

செம்பி குழியின் விளிம்பைவிட்டு நகரவில்லை. "காலி செய்கிறேன். அதற்கு முன்னால், இத்தனை பேர் கூவினார்களே, அவர்களில் கிளைதாவி மருந்தைப் பூசியிருக்கிறவர் ஒருவர் இறங்கி வரட்டும். ஒருவர் போதும்."

மரத்தில் சலசலப்பு.

"நீ போ."

"நான் எதுக்கு? எனக்குத்தான் புண்ணே இல்லையே!"

"முழங்காலை உடைச்சுக்கிட்டவன் நீதானே தடியா, நீ போ!"

தள்ளிவிட்டதில் ஒரு தடிக்குரங்கு நொண்டிக்கொண்டே வந்து நின்றது. முழங்காலில் சிவப்பாய் ஒரு பற்று. யானை தும்பிக்கையை நீட்டி மோந்து பார்த்தது.

"வசம்பு வாடை! இது செம்பி மருந்தாயிற்றே?"

"ஆமாங்கம்மா" என்று தலையைச் சொறிந்தது குரங்கு. "முதல்ல சேறுதான் பூசினேன். சீழ் வெச்சுடுச்சு. அப்புறம் கீரியக்காகிட்ட ஓடினேன்."

"பேர் சொன்னாயா?"

"மெதுவா சொன்னேன்."

"ஏன் மெதுவாக?"

"சத்தமா சொன்னா கிளைதாவி பழம் தர மாட்டானே!"

யானை நிமிர்ந்து பார்த்தது. ஒரு குரங்கின் முதுகில் சிவப்பு. இன்னொன்றின் காதில் சிவப்பு. கிளைதாவி மட்டும் வாலைச் சுருட்டிப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றது.

"வாலைக் காட்டு."

"அது... செம்மண், அம்மா."

"மோந்து பார்க்கட்டுமா?"

அதற்குள் கிளைதாவி நான்கு மரம் தாண்டிவிட்டது.

"குழி உனக்குத்தான், செம்பி" என்றது யானை. தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்த மான்கள் துள்ளின. இனி யார் கூவினாலும் பூசியதைக் காட்டிவிட்டுத்தான் கூவ வேண்டும் என்று தீர்ப்பும் சொன்னது.

செம்பி அதற்குள் குச்சியை எடுத்து ஊறலைக் கலக்கத் தொடங்கிவிட்டது.

"அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். குழியில் உங்கள் நிழல் விழுகிறது."

நீதி: கூவிச் சேர்த்த பெயர் நிலைக்காது, பிறருக்குப் பயன்படும் உழைப்பே நிலைக்கும்.