கழுத்து கொடுத்த வாக்கு

அந்தக் காலத்தில் எறும்பும் பேசும், எலும்பும் பேசும். உடம்பில் எங்கே நொந்ததோ அந்த இடமே வாய் திறந்து சொல்லிவிடும். வைத்தியருக்குப் பாதி வேலை மிச்சம்.

கல்யாண வீடுகளுக்கு மாவாட்டிக் கொடுக்கும் காத்தாயிக்கு வாய்த்த கழுத்து இருக்கிறதே, அது சரியான தொணதொணப்பு. குனிந்தால் முனகும், நிமிர்ந்தால் முனகும். தலையணை உயரம் என்று ஒரு நாள், தாழ்வு என்று மறுநாள். அவளும் எத்தனை நாள்தான் பொறுப்பாள்?

ஒரு முகூர்த்த நாள். விடிந்ததிலிருந்து குனிந்த தலை நிமிராமல் வடைக்கு உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தாள். பந்தி போடுவதற்குள் மாவு தயாராகாவிட்டால் இனி ஒரு வீட்டிலும் அவளைக் கூப்பிட மாட்டார்கள். அந்தச் சமயம் பார்த்துத்தான் கழுத்து ஆரம்பித்தது.

"ஆத்தா, கொஞ்சம் நிமிரேன். நரம்பு நசுங்குது."

"நேத்தும் இதையேதான் சொன்னே."

"நேத்தும் நசுங்குச்சே!"

காத்தாயிக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. "உன்னோட மாரடிக்க என்னால ஆகாது! இனிமே வாயத் தொறக்க மாட்டேன்னு அடுப்பு மேல சத்தியம் பண்ணு."

கழுத்து சத்தியம் செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டது. அப்பாடா என்று இவள் இன்னும் நன்றாகக் குனிந்துகொண்டாள்.

ஆனால் நரம்பு நசுங்குவது நிற்கவில்லையே! மேலே இருந்த நரம்பு கட்டைவிரலிடம் போய் அழுதது. அதற்கடுத்தது நடுவிரலிடம், அதற்கும் கீழே இருந்தது சுண்டுவிரலிடம். தோளிலிருந்து விரல் நுனிவரை சுரீர் என்று இழுத்தது. குழவி கை நழுவியது.

"ஏ கட்டைவிரலே, உனக்கென்ன கேடு?"

"எனக்கு ஒண்ணுமில்ல ஆத்தா. ஏன் அழுவுறேன்னே தெரியல!"

நடுவிரலும் அதையே சொன்னது, சுண்டுவிரலும் அதையே. விளக்கெண்ணெய் தடவினாள், ஒத்தடம் கொடுத்தாள், விரல்களைத் திட்டித் தீர்த்தாள். எதற்கும் வலி கேட்கவில்லை. அதற்குள் இலை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "கழுத்தே, நீதானா? சொல்லித் தொலையேன்!"

எவ்வளவு கெஞ்சியும் கழுத்து கம்மென்றிருந்தது. வாக்கென்றால் வாக்கு.

"போதும்டா சாமி!" என்று வலது கையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நசுங்கிய நரம்பு சற்றுத் தளர்ந்தது, வலி தணிந்தது. கையை இறக்கினாள், சுரீர். மறுபடி ஏற்றினாள், தணிந்தது. வேறு வழியில்லாமல் வலது கையைத் தலையில் வைத்தபடியே மிச்ச உளுந்தை இடது கையால் ஆட்டி முடித்தாள். முதல் பந்தி வடையைக் கண்ணால் பார்க்காமலே எழுந்துபோனது. அடுத்த முகூர்த்தத்துக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை.

அன்று முதல்தான் கழுத்தில் நரம்பு நசுங்கினால் கையும் விரலும் அழுகின்றன. நாமும் கழுத்தை விட்டுவிட்டு விரலுக்குத் தைலம் தேய்க்கிறோம். நொந்துபோனவர்கள் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்காருவதும் அன்று முதல்தான்.