பேன் பார்த்த வரிசை

ஒரு ஊருல ஒரு ராசா இருந்தான். ஆத்தா அப்பன் வச்ச பேரு என்னமோ, ஊரு வச்ச பேரு மண்டைக்கனத்தான். அவன் ஒரு யானை வாங்கினான். வாங்கினவன் சும்மா இருந்தானா? "என் யானை குளிக்க ஊருணி வேணும், வர்ற வெள்ளிக்கிழமை ஊரு சனமே வந்து சுத்தி வேலி போடணும், அப்புறம் ஒரு பய உள்ள இறங்கக்கூடாது"ன்னுட்டான். அந்த ஊருக்குக் குடிதண்ணியே அந்த ஒரு ஊருணிதான். யானைக்குக் குளிக்க உண்டு, சனத்துக்குக் குடிக்க இல்ல. நல்லாருக்கா நியாயம்?

அந்த ஊருல சீனியம்மான்னு ஒருத்தி. புள்ள பெத்துப் பத்து நாளுதான் ஆச்சு. "தண்ணி இல்லாட்டி என் புள்ள பொழைக்காது. ஒருத்தர் வேலிக்குப் போகலன்னா சவுக்கால அடிப்பான். ஊரே போகலன்னா யாரைன்னு அடிப்பான்?"னா. சரிதான், ஆனா ஊரு பூரா எப்படிச் சொல்றது? அதுக்குள்ள ராசா தமுக்கடிச்சுட்டான், மூணு பேரு கூடி நின்னு பேசினா சவுக்கடின்னு.

கோயில்ல கூடினாக, சேவகன் வந்து விரட்டினான். களத்துமேட்டுல கூடினாக, விரட்டினான். எழவு வீட்டுல ரெண்டே ரெண்டு பேரு உக்காந்து அழுதாக, செத்தவனையும் சேர்த்து மூணுன்னு எண்ணி விரட்டினான்! சிரிக்காதீக, நிசமாத்தான்.

சீனியம்மா பார்த்தா. பக்கத்து வீட்டு அங்காயியைக் கூப்பிட்டு வாசல்ல உக்கார வச்சு, அவ தலையில பேன் பார்க்க ஆரம்பிச்சா. பார்த்துக்கிட்டே பின்னாடி இருந்து காதுல சொன்னா, "வெள்ளிக்கிழமை யாரும் வேலிக்குப் போகாதீக. அரண்மனைக்கு ஒரு குடம் தண்ணி சுமக்காதீக." அங்காயி தனக்கு முன்னாடி ஒருத்தியை உக்கார வச்சா, அவ காதுல சொன்னா. அவ தனக்கு முன்னாடி இன்னொருத்தியை உக்கார வச்சா, அவ காதுல சொன்னா. அப்புறம், அப்புறம், அப்புறம்னு வரிசை போகுது. சேவகன் வந்து எண்ணிப் பார்க்கிறான், ஒருத்தி பார்க்கிறா, ஒருத்தி காட்டுறா, ரெண்டு பேருதான். அடுத்தாப்புலயும் ரெண்டு பேருதான். தன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டே போயிட்டான். அவன் பொண்டாட்டியும் அந்த வரிசையிலதான் இருந்தா!

வரிசை தெருத் தெருவா வளைஞ்சு அரண்மனைப் பின்வாசலுக்குப் போச்சு. சமையக்காரி உக்காந்தா, அவளுக்கு முன்னாடி ராணியும் உக்காந்தா. ஏன், கிரீடம் வச்சா பேன் வராதா? அங்கருந்து ஊரைச் சுத்தி வந்து, கடைசியா உக்காந்தவ சீனியம்மா தலையையே பார்த்தா. சொன்ன சேதி அவ காதுக்கே திரும்பி வந்துருச்சு. வர்ற வழியில ஆளாளுக்கு ராசாவை ஒரு வசவு வேற சேர்த்துவிட்டிருந்தாக. கேட்டு அவளுக்கே வெக்கமாப் போச்சு.

வெள்ளிக்கிழமை விடிஞ்சுது. வேலி போட ஒரு ஈ காக்கா வரல. அரண்மனையில தண்ணி இல்ல, அடுப்பு எரியல, ராசா கால் கழுவக்கூட ஒரு செம்புத் தண்ணி இல்ல. எங்க போயிட்டு வந்து கழுவன்னு கேக்காதீக.

"எவ முதல்ல சொன்னா? அவ நாக்கை அறுத்துட்டு வா!"ன்னு தளபதியை அனுப்பினான். தளபதி போய்க் கேட்டான். "எனக்குப் பின்னாடி உக்காந்தவ சொன்னா"ன்னா ஒருத்தி. அவகிட்டப் போனான், "எனக்குப் பின்னாடி உக்காந்தவ சொன்னா." அதுக்கும் பின்னாடி போனான், "எனக்குப் பின்னாடி உக்காந்தவ சொன்னா." சீனியம்மாவும் அதையேதான் சொன்னா, அது பொய்யும் இல்லயே! மூணு சுத்து சுத்தி நாக்குத் தள்ள வந்து நின்னான். "மகாராசா, முதல் ஆளுன்னு யாருமே இல்ல. நாக்கை அறுக்கணும்னா ராணியம்மாகிட்டருந்துதான் தொடங்கணும்."

ராணி ஒரு பார்வை பார்த்தா. ராசா தளபதியைப் போன்னு அனுப்பிட்டான்.

அவன் தலையிலயும் அரிப்பு. ராணி தலையில இருந்தது அவன் தலைக்கு ஏறாதா? சொறியுறான், சொறியுறான், கிரீடத்தைக் கழட்டி வச்சுட்டுச் சொறியுறான். பேன் பார்க்க ஆளில்ல, தலை முழுகத் தண்ணியில்ல. மூணாம் நாளு தாங்க முடியாம, "வேலியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், என் தலையைப் பாருங்கடி"ன்னு அழுதுட்டான். ராணி சொன்னா, "வரிசையில போய் உக்காரு."

போனான். சீனியம்மா மடியில புள்ளையைப் போட்டுக்கிட்டு, ஊருணிக் கரையில ராசாவை முன்னாடி உக்கார வச்சுப் பேன் எடுத்தா. ஒரு பேனுக்கு ஒரு கொட்டு. நங்கு நங்குன்னு ஊருக்கே கேட்டுச்சு. தலையில பேனுக்கா பஞ்சம்? சாயங்காலம் வரைக்கும் கொட்டினா.

ஒருத்தி தலையில இன்னொருத்தி கை இருக்கிற வரைக்கும் எந்த ராசாவும் ஊரைப் பிரிக்க முடியாது. அம்புட்டுத்தான் கதை. கேட்ட தலையெல்லாம் இப்படி வரிசையா வந்து உக்காருங்க, சீப்பு எங்க?